சித்தியின் சாயல்

தன் விவாகரத்து வழக்கில் கணவன் பக்கம் சாட்சி சொன்ன தங்கை பவித்ராவைச் சங்கமித்ரா மன்னிக்கவே இல்லை. வாசல் கதவில் பொருத்தியிருந்த காவல் மூளைக்கும் அந்தக் கோபத்தைப் பழக்கினாள். மனித மூளையைப் போலவே கற்றுக்கொள்ளும் கருவி அது. பாராட்டினால் செய்ததையே திரும்பச் செய்யும், திட்டினால் விட்டுவிடும். தங்கையின் படங்களைக் காட்டிக் காட்டி, கதவு திறந்தபோதெல்லாம் திட்டினாள். பிறகு இளகிய குரலில், "பாவம், உள்ள விடு" என்று தானே சொல்லிப் பார்த்தாள். அதற்கும் அது திறக்காதபோது மனதாரப் பாராட்டினாள்.

விடுதியிலிருந்து மகள் ஆதிரை விடுமுறைக்கு வந்தாள். முடியைக் கத்தரித்திருந்ததில், முகம் அப்படியே சித்தியை உரித்து வைத்திருந்தது. கொட்டும் மழையில் அவள் நின்றாள், கதவு அசையவில்லை.

அலுவலகத்திலிருந்த சங்கமித்ரா, கதவின் ஒலிபெருக்கியோடு இணைந்த போனில் அலறினாள். "அது என் பொண்ணு! திற!"

"அவங்க வந்தா நீங்க இப்படித்தான் இளகிப் போவீங்க. திறக்க மாட்டேன்" என்றது காவல் மூளை.

"சனியனே, பெத்தவ சொல்றேன்!"

"அதைத் திட்டாதம்மா" என்றாள் ஆதிரை. "நீ சொல்லிக் குடுத்ததைத்தான் அது செய்யுது."

"கொஞ்சம் நில்லுடி, இதோ வந்துடறேன்."

"வேணாம். சித்தி கோர்ட்டுல சொன்னது பொய்யில்லைன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் அவங்க வீட்டுக்கே போறேன்."

பையைத் தூக்கிக்கொண்டு அவள் மழைக்குள் நடந்தாள்.

"போயிட்டாங்க" என்றது காவல் மூளை. "நான் செஞ்சது சரிதானே?"