கட்டிலுக்கடியில்

மெல்போர்ன் அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளர் தவநேசன் பேர் எடுத்தவர். பேசுபவர் சொன்னதை மட்டும் சொல்வார். சொந்தச் சரக்கு சேர்க்கமாட்டார்.

அன்று சுகந்தினியின் முறை.

"சண்டை நேரம், முகத்தை மூடின சிறப்புப் படைக்காரன் ஒருத்தன் வந்து என்ர அண்ணாவைச் சுட்டவன். சைலன்சர் பூட்டின சின்னப் பிஸ்டல்."

தவநேசன் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார்.

"சத்தம் கேட்டதா?" என்றார் அதிகாரி.

"ஓம், கேட்டது" என்றாள்.

தவநேசன் ஆங்கிலத்தில் சொன்னார்: "ஆம், கேட்டது. ஸ்டேப்ளர் அடிப்பது போல. பிறகு தோட்டாவின் வெற்றுக் கூடு கட்டிலுக்கடியில் உருண்டது."

ஓரளவு ஆங்கிலம் விளங்கும் சுகந்தினி மெல்லத் திரும்பினாள்.

"கட்டிலைப் பற்றி நான் சொல்லேல்லையே, அங்கிள். அண்டைக்கு அந்த அறையில நானும் அண்ணாவும் அவனும் மட்டும்தான்."

அதிகாரி தவநேசனைப் பார்த்தார்.

"என்ன சொல்கிறார்?"