பூக்காரியின் முகம்

"தண்ணி ஊத்தாதீங்கம்மா. வெறும் தண்ணி பட்டா சுண்ணாம்பு இன்னும் இழுவிக்கும்" என்றார் அந்த மனிதர். கிண்ணத்தில் கரைத்திருந்த புளித்தண்ணீரில் துணியை நனைத்து, சுவரில் இருந்த பெண்ணின் கன்னத்தைக் குழந்தைக்கு ஒற்றுவது போல ஒற்றினார்.

அல்ஃபியா எதிரே நடைமேடைக் கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மாம்பழச்சாலைச் சுவரில் அந்தப் பூக்காரியை வரைந்தவள் அவள்தான். ஆறே மாதத்தில் படம் ஊரைத் தாண்டிவிட்டது. கல்யாண ஜோடிகள் அதன் முன் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பத்திரிகை ஒன்று அட்டையில் போட்டது.

இரண்டு வாரமாக யாரோ அந்த முகத்தில் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போகிறார்கள். இது நாலாவது தடவை. பூ, கூடை, கை எதையும் தொடவில்லை, முகம் மட்டும்.

பதினோரு மணிக்குச் சென்னையிலிருந்து பரிசுக் குழு வருகிறது. முகமில்லாத படத்துக்கு யாரும் பரிசு தரமாட்டார்கள். ஏழு மணியிலிருந்து அவள் அங்கேயே இருக்கிறாள். கோபமெல்லாம் முதல் தடவையோடு தீர்ந்துவிட்டது. அழுகையும் வரவில்லை.

அந்த மனிதர் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி, படத்தைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். கொத்தனாராம், மணப்பாறைப் பக்கமாம். அவராகவே போய் எதிர் ஓட்டலில் புளி வாங்கி வந்தார்.

"யாரு இப்படிப் பண்றது?"

"தெரியலண்ணே. போலீஸ்ல சொன்னேன். ஒரு செவுத்துக்கெல்லாம் காவல் போட முடியுமாங்கறாங்க."

"மனுசனுக்கே போடறதில்ல" என்று சிரித்தார். துணி இடது புருவத்துக்கு வந்தது. "இங்க ஒரு தழும்பு வரணுமே. விட்டுட்டீங்க."

"வேணும்னுதான் விட்டேன். படத்துக்கு நல்லா இருக்காதுன்னு."

"அதுவும் சரிதான்."

போன் அடித்தது. பரிசுக் குழு சமயபுரம் டோல்கேட்டைத் தாண்டிவிட்டதாம். பேசி முடித்து அவள் திரும்பியபோது முகம் முழுதாக வெளியே வந்திருந்தது. அவள் வரைந்த அன்று இருந்ததுபோலவே இருந்தது.

பர்ஸைத் திறந்தாள். அவர் கையை ஆட்டினார்.

"காசெல்லாம் எதுக்கும்மா? அந்தம்மா எங்க உக்காந்திருக்கும்னு சொல்லுங்க, போதும். ரெண்டு முழம் பூ வாங்கிக்கிட்டு ஊருக்குப் போயிடறேன்."

இவ்வளவு செய்தவருக்கு இதைக்கூடச் சொல்லாவிட்டால் எப்படி? "ஸ்ரீரங்கம் கோயில் வடக்கு வாசல்ண்ணே. செருப்பு விடற எடத்துக்கு எதிர்ல. தலையில துண்டு போட்டிருப்பாங்க."

அவர் படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறினார்.

அரை மணி நேரம் கழித்து ஒரு பெண் வந்தாள். ஐம்பது வயதிருக்கும். ஒரு கையில் வாளி, இன்னொரு கையில் வெள்ளையடிக்கும் மட்டை. பட்டப்பகலில் நேராகச் சுவருக்குப் போய் மட்டையைச் சுண்ணாம்பில் முக்கினாள். அல்ஃபியா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

"கைய விடு. நான் என்ன கோலம் போடவா வந்திருக்கேன்? மறுபடி தொடச்சிட்டாங்கன்னு எதிர் ஓட்டல்லேர்ந்து போன் வந்துச்சு."

"இந்தப் படம் உங்கள என்னக்கா பண்ணிச்சு?"

"என்னைய ஒண்ணும் பண்ணல. நீதான் வரைஞ்ச புள்ளையா? எம் பேரு மாரியாயி. இவளுக்குப் பக்கத்துலதான் நானும் பூ கட்டுறேன். இவள வரையறதுக்கு முன்ன இவகிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று எடுத்த போட்டோவைப் பார்த்து வரைந்த படம் அது. "கேக்கல."

"மூணு வருசமா பேர மாத்திச் சொல்லிக்கிட்டு உக்காந்திருக்கா. துண்டு இல்லாம தலைய வெளிய காட்டமாட்டா. அன்னிக்கு ஒரு நிமிசம், வேக்குதுன்னு எடுத்தா. நீ புடிச்சிட்ட."

"எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே."

"சொன்னா பேரு என்னம்பீங்க, ஊரு எதும்பீங்க. அதையும் பக்கத்துல பெருசா எழுதி வைப்பீங்க."

"யாருக்குப் பயந்து இருக்காங்க?"

"கட்டுனவனுக்கு. கொத்து வேல பாக்கறவனாம். பேச்செல்லாம் அவ்வளவு தன்மையா இருக்குமாம். ரெண்டு வாட்டி ஆஸ்பத்திரியில கெடந்துட்டு வந்தவ இவ. இன்னொரு வாட்டின்னா உசுரு இருக்காதுன்னுதான் ஓடியாந்துட்டா."

அல்ஃபியாவின் விரல்கள் தாமாகவே விட்டன. ரோட்டில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன.

"பத்திரிகையில மூஞ்சி வந்ததுலேர்ந்து அவளுக்குச் சோறு எறங்கல. எடத்த மாத்துடின்னா, வாடிக்கைய விட்டுட்டு எங்கக்கா போவேங்கறா. இப்பகூட தனியாத்தான் விட்டுட்டு வந்திருக்கேன்."

போன் மறுபடி அடித்தது. அல்ஃபியா எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது.

மாரியாயி மட்டையை ஓங்கி, நெற்றியிலிருந்து கன்னம் வரை ஒரே இழுப்பாக இழுத்தாள். "மூஞ்சி இல்லாம எப்படித் தேடுவான்னு பாத்துடறேன்."

அல்ஃபியா சொன்னாள்.

"எடத்த நான் சொல்லிட்டேங்க்கா."