புதன்கிழமை நாக்கு

புதன்கிழமை என்றால் பள்ளிக்கூடத்தில் தக்காளி சாதம். அன்று சாயங்காலம் செங்கல் சூளையிலிருந்து வந்ததும் முத்துப்பேச்சி மகளை நிறுத்தி, "நாக்க நீட்டு" என்பாள். ஆரஞ்சு நிறத்தில் நாக்கு வெளியே வந்தால் பிள்ளை வயிறாரச் சாப்பிட்டிருக்கிறாள். அபிநயா வாயைத் திறந்து பேசுகிறவள் இல்லை; நாக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தப் புதன்கிழமை நாக்கில் ஒரு நிறமும் இல்லை. "ஏட்டி, சோத்தக் கொட்டிட்டியா?" என்று கத்தியதற்கும் அவள் இல்லையென்று தலையைத்தான் ஆட்டினாள்.

மறுநாள் முத்துப்பேச்சி சூளைக்குப் போகாமல் சத்துணவுக் கூடத்து வாசலில் போய் நின்றாள். நாக்கில் நிறமில்லாததைச் சொல்லிக் கேட்டதற்குச் சமையல்கார அக்கா கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"கலர் பொடி இனிமே போடக் கூடாதுன்னு உத்தரவு வந்துட்டு. பிள்ளைகளுக்கு ஆகாதாம்."

"அப்போ எம்புள்ள சாப்பிட்டாளா இல்லையான்னு நான் எப்படிக்கா கண்டுபிடிக்க?"

"அவகிட்டயே கேளு."

அடுத்த புதன்கிழமை, சொல்லாமலே அபிநயா நாக்கை நீட்டினாள். முத்துப்பேச்சி அதை வெகுநேரம் பார்த்தாள். பிறந்த அன்று வீறிட்டு அழுதபோது பார்த்த அதே இளஞ்சிவப்பு.

"உள்ள போடு. என்ன சாப்பிட்ட, சொல்லு."

அபிநயா யோசித்தாள். "சோத்துல தக்காளி கெடந்துச்சு. தோலோட," என்றாள். பிறகு, "முட்டை," என்றாள். பிறகு, பக்கத்தில் உட்காரும் பிள்ளை தன் மஞ்சள் கருவை இவளுக்குப் பிட்டுக் கொடுத்த கதையைத் தொடங்கினாள். கால் கழுவ மொண்ட செம்பைக் கையில் பிடித்தபடி முத்துப்பேச்சி அப்படியே நின்றாள்.