தரேக் கீரையில் முடிச்சு

மஹீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொல்லைப் பாத்தியில் அவள் விதை போட்டு வளர்த்த தரேக் கீரை இன்றுதான் முதல் அறுப்புக்கு வந்திருந்தது. பூண்டு மணக்கும் அந்தத் தாள்களை இரண்டிரண்டாகச் சேர்த்து யாரோ முடிச்சுப் போட்டிருந்தார்கள்.

நேற்று பாரசீகப் புத்தாண்டின் பதின்மூன்றாம் நாள்; வீட்டில் தங்காமல் ஊரே ஆற்றங்கரைக்குப் போய்ப் பொழுதைக் கழிக்கும் நாள். அன்று பகலில் பசும்புல்லை முடிச்சுப் போட்டு வேண்டிக்கொண்டால் வருடத்துக்குள் கல்யாணம் கூடும் என்பது ஷிராஸில் எல்லோருக்கும் தெரியும். நாத்தனார் தூபாவுக்கு வயது நாற்பத்திரண்டு, இன்னும் கல்யாணமாகவில்லை.

"ஏண்டி, மாப்பிள்ளைக்கு அலையறதுக்கு என் கீரைதான் கிடைச்சுதா?" கத்தியை ஆட்டினாள் மஹீன். "இந்த மூஞ்சிக்கு ஊர்ல இருக்கற புல்லையெல்லாம் முடிஞ்சாலும் ஒரு கழுதைகூடத் திரும்பிப் பாக்காது. இன்னிக்கே மூட்டையைக் கட்டு. கல்யாண ஆசை புடிச்சதுங்களுக்கு என் வீட்ல இடமில்ல!"

"யாரா இருந்தாலுமா, அண்ணி?"

"யாரா இருந்தாலும்தான்!"

தூபா நிதானமாகச் சொன்னாள். "நேத்து விடிஞ்சதுலேர்ந்து இருட்டுற வரைக்கும் நான் உங்ககூட ஆத்தங்கரையிலதான் இருந்தேன். வயித்துவலின்னு வீட்லயே தங்கினது எங்கண்ணன் மட்டும்தான்."

மஹீன் மெல்லத் திரும்பினாள். சன்னலுக்குள்ளே அவள் கணவன் ஃபரிதூன் கண்ணாடி முன் நின்று, நரைத்த மீசைக்குக் கவனமாக மை தடவிக்கொண்டிருந்தான்.