நீக்கலாமா?

அருப்புக்கோட்டை நூற்பாலையின் பழைய மென்பொருளைப் புதுப்பிக்கும் வேலைக்கு நேர்காணல் நடந்தது. மேனேஜர் முத்துராஜ் கம்ப்யூட்டர் திரையை, வேலை கேட்டு வந்திருந்த பிருந்தாவின் பக்கம் திருப்பினார்.

“ஏ.ஐ. ஏஜெண்டுகளை வச்சுப் பழைய புரோகிராமைப் புதுசா மாத்துற டூல் இது. வருகைப் பதிவுல ஒரு வரிகிட்ட வந்து நின்னுக்கிருச்சு. ‘காரணம் தெரியவில்லை, நீக்கலாமா?’ன்னு கேக்குது. என்ன சொல்றீக?”

பிருந்தா படித்தாள். காலை ஷிப்டுக்கு இருபது நிமிடம் தாமதமாக வந்தாலும் முழு வருகை போடச் சொன்னது அந்த வரி.

“நீக்கிராதீக சார். ஆறு மணி ஷிப்டுக்குத் திருச்சுழி பஸ்ஸு ஆறு இருபதுக்குத்தான் வரும். அதுல வார பொண்ணுகளுக்காகப் போட்டது.”

முத்துராஜ் நிமிர்ந்தார். “இதை எழுதுனது நீங்கதானா?”

“இல்ல சார். அந்தப் பஸ்ஸுல வந்து இந்த மில்லுல நூல் சுத்துனவ. வேலை பாத்துக்கிட்டேதான் தபால்ல கம்ப்யூட்டர் படிச்சேன்.”

முத்துராஜ் டூல் கேட்ட கேள்விக்குக் காரணத்தைத் தட்டச்சு செய்தார்.

“இன்னைக்கு எதுலம்மா வந்தீக?”

“அதே பஸ்ஸுதான் சார். இன்னும் ஆறு இருபதுக்குத்தான் வருது.”

“அப்ப வரி இருக்கட்டும். நாளையிலருந்து உங்களுக்கும் வேணும்ல.”