கால் டம்ளர்

குக்கரின் வெயிட்டைக் கழற்றிவிட்டு, ஆவி வரும் மூக்கில் ரப்பர் குழாயைச் செருகித் துணியால் இறுகக் கட்டினேன்.

குழந்தை அழுகையை நிறுத்தி வெகுநேரமாகிவிட்டது. அழுதபோது பயமாக இருந்தது. இப்போது அதைவிடப் பயமாக இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர். புயலோடு ஊருக்குள் புகுந்த கடல், கீழ் வீட்டை விழுங்கிவிட்டு எங்கள் மாடிப்படியின் பாதியில் நின்றது. மொட்டைமாடித் தொட்டியைக் காற்று பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. பிடித்து வைத்திருந்த நல்ல தண்ணீர் நேற்றோடு தீர்ந்தது.

"கொதிக்க வச்சுக் கொடுத்துட வேண்டியதுதானே?" என்றாள் மனைவி.

கொதித்தால் கிருமிதான் சாகும். உப்பு சாகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கரிக்கும். வடிகட்டினால் மண் நிற்கும், கரைந்த உப்பு துணி வழியே இறங்கிவிடும். ஒரே வழி காய்ச்சி வடித்தல். தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு அடியிலேயே தங்கும். ஆவியைக் குளிர வைத்தால் நல்ல தண்ணீர்.

தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வி. இருபது வருடமாகக் கரும்பலகையில் அழகாகப் படம் வரைகிறேன். அந்தத் தண்ணீரை ஒரு தடவைகூடக் குடித்துப் பார்த்ததில்லை.

முதல் தடவை பேராசைப்பட்டுக் குக்கரைக் கழுத்துவரை நிரப்பிவிட்டேன். பொங்கிய தண்ணீர் அப்படியே குழாய்க்குள் ஏறிவிட்டது. சொட்டியதை நாக்கில் வைத்தேன்.

உப்பு.

எரித்த கேஸ் அத்தனையும் வீண்.

"ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் வாத்தியாரு. ஒரு டம்ளர் தண்ணி எடுக்கத் துப்பில்ல!"

திட்டிவிட்டு, கீழே போய் இன்னொரு வாளி மொண்டு வந்தாள்.

இந்த முறை பாதிக் குக்கர்தான். குழாயைச் சுருட்டி, நீல பிளாஸ்டிக் தொட்டியில் நிரப்பிய தண்ணீருக்குள் அமிழ்த்தினேன். மறுமுனை டம்ளரில்.

தொட்டித் தண்ணீர் சூடேறினால் ஆவி ஆவியாகவே போய்விடும். அவள் கொட்டிக் கொட்டி மாற்றிக்கொண்டே இருந்தாள். குழந்தை அவள் தோளில் துவண்டு கிடந்தது.

ஒரு சொட்டு.

பிறகு இன்னொன்று.

அடுப்பின் நீலச் சுடர் மஞ்சளாகி ஆடியது. சிலிண்டரைச் சாய்த்துப் பிடித்தேன். கொஞ்சம் பிழைத்தது. குலுக்கினேன். இன்னும் கொஞ்சம்.

அணைந்தது.

கால் டம்ளர் இருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். ரப்பர் நாற்றம் அடித்தது. கரிக்கவில்லை.

ஆறவைத்து ஊற்றிய முதல் ஸ்பூன் கடைவாயில் வழிந்தது. மனைவி அதை விரலால் வழித்துத் திரும்பவும் நாக்கிலேயே வைத்தாள்.

"முழுங்குடி செல்லம். முழுங்கு."

சின்னத் தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது.

டம்ளர் காலியாகும்போது குழந்தை வீறிட்டு அழுதது.

"வாத்தியார் பாஸ்" என்றாள் மனைவி. அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

குழந்தை வீறிட்ட சத்தத்தைக் கேட்டுத்தான், தூரத்தில் போய்க்கொண்டிருந்த படகு எங்கள் பக்கம் திரும்பியது.

படகுக்காரர் மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவசரப்படுத்தினார். குழந்தையோடு ஏறி உட்கார்ந்த மனைவி, என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"அந்த நீலத் தொட்டியையும் எடுத்துட்டு வாங்க."

படகுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உசுரு தப்பிச்சதே பெருசு. பிளாஸ்டிக் தொட்டி எதுக்கும்மா?"

அவள் குழந்தையை மார்போடு இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"முந்தாநாள் இவ அதுலதான் மிதந்து வந்தாண்ணே. பெத்தவ தேடினா அடையாளம் காட்டணும்ல."