ஐந்து வரித் திருத்தம்

மூன்றாவது முறையாகச் சீட்டைப் படித்தாள்.

குழி ஐந்து.

அவளுடைய கையெழுத்துதான்.

பிளாஸ்டிக் பைக்குள் கட்டைவிரல் அளவுக் கரித்துண்டு. பதினொரு வருடங்களுக்கு முன் தேரிக்காட்டுச் செம்மணலில் அவள் தோண்டி எடுத்தது. பாதியை ஆய்வகத்துக்கு அனுப்பினாள். ஒன்பதாயிரம் ஆண்டுப் பழமை என்று பதில் வந்தது. மீதி, துறையின் கிடங்கில் ஒரு பெட்டியில் கிடந்தது. இன்று கிடங்கைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றுகிறார்கள்.

கட்டுரையில் அவள் எழுதியது, குழி மூன்று.

மூன்றாவது குழியில்தான் கற்கருவிகள் கிடைத்தன. நகத்தளவில், பிறை வடிவில், நாற்பது. ஐந்தாவது குழியில் கரியைத் தவிர எதுவும் இல்லை. எப்போதோ புதர் பற்றி எரிந்த கரி.

அப்படியானால் அந்தக் கருவிகளின் வயது ஒன்பதாயிரம் இல்லை.

எத்தனை என்று யாருக்கும் தெரியாது.

களக் குறிப்பேட்டைத் தேடி எடுத்தாள். அதிலும் ஐந்து. கட்டுரையின் அட்டவணையைத் தட்டச்சு செய்தபோது ஒரு வரி தவறியிருக்கிறது. அவ்வளவுதான்.

உட்கார முடியவில்லை. தாழ்வாரத்தில் நடந்தாள். திரும்பி வந்தாள். மறுபடி நடந்தாள்.

அந்தக் கட்டுரையை இதுவரை அறுபத்து மூன்று பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். தொல்பழங்கால ஆய்வுக்கென்று வரும் சிறிய இதழ் அது. அதன் வலைப்பக்கத்தில், அதிகம் மேற்கோள் காட்டப்பட்டவை என்ற பட்டியலில், முதல் பெயர் அவளுடையது.

துறைத்தலைவர் நாச்சியப்பன்தான் அந்த இதழின் ஆசிரியர். பையையும் குறிப்பேட்டையும் அவர் மேசைமேல் வைத்தாள். அவர் இரண்டையும் பார்த்தார். தொடவில்லை.

"ஏம்மா, எல்லாரும் ஒத்துக்கிட்ட தேதி அது. இந்த மாசம்தான் இதழைத் தரவரிசைக்குப் பார்க்கிறாங்க. நாம காட்டுற மேற்கோள் கணக்குல பாதி உன் கட்டுரை. உன் புரமோஷனும் அதுலதான் இருக்கு."

"தப்பு சார்."

"தப்புதான். யாரு கேட்டா?"

யாரும் கேட்கவில்லை. அதுதான் அவளை நிற்கவிடாமல் செய்தது.

தன் அறைக்கு வந்து கணினியைத் திறந்தாள். ஐந்து வரி எழுதினாள். குழி எண் தவறு. கருவிகளுக்கும் அந்தத் தேதிக்கும் தொடர்பில்லை. பிழை என்னுடையது. ஒரு வரியை அழித்தாள். மறுபடி எழுதினாள். இதழின் ஆசிரியர் குழுவில் இருந்த ஒன்பது பேருக்கும் சேர்த்து அனுப்பினாள்.

அதன் பிறகுதான் பெர்சிஸின் நினைவு வந்தது.

நாகர்கோவிலில் ஆய்வு செய்யும் பெண். நேரில் பார்த்ததில்லை. உங்கள் தேதிமேல்தான் என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தைக் கட்டியிருக்கிறேன் என்று இரண்டு முறை நன்றி எழுதியிருந்தாள். இன்னும் இரண்டு மாதத்தில் அவளுக்கு வாய்மொழித் தேர்வு.

மற்றவர்கள் இதழில் படித்துக்கொள்ளட்டும். இவளுக்குத் தானே சொல்ல வேண்டும்.

தொலைபேசியில் சொன்னாள். எதிர்முனையில் பேருந்துச் சத்தம் கேட்டது.

"ரெண்டு மாசம் கழிச்சுச் சொல்லக் கூடாதா மேடம்?"

பதில் சொல்வதற்குள் இணைப்பு அறுந்தது. பெர்சிஸே அறுத்திருக்கலாம்.

திருத்தம் அடுத்த இதழின் கடைசிப் பக்கத்தில் வந்தது. நூல் விமர்சனங்களுக்குக் கீழே, சிறிய எழுத்தில்.

அந்த ஆண்டு அவளுக்குப் பதவி உயர்வு வரவில்லை. நாச்சியப்பன் எதிரே வந்தால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு போனார். பெர்சிஸின் வாய்மொழித் தேர்வு தள்ளிப்போனதாக யாரோ சொன்னார்கள்.

தரவரிசையில் இதழ் மட்டும் இறங்கவில்லை.

தவறான கட்டுரையைத் தொடர்ந்து மேற்கோள் காட்டினார்கள். அறுபத்து மூன்று எழுபத்தொன்றானது. எண்பத்தெட்டானது. புனேயிலிருந்து ஒருவர் எழுதினார், ஒன்பதாயிரம். கொழும்பிலிருந்து இருவர் எழுதினார்கள், ஒன்பதாயிரம். ஒவ்வொருவருக்கும் அவள் மின்னஞ்சல் அனுப்பினாள். ஒருவர் நன்றி என்று பதில் போட்டார். தன் கட்டுரையைத் திருத்தவில்லை.

இதழ் ஒரு படி ஏறியது. துறையில் எல்லோருக்கும் இனிப்பு வந்தது. நாச்சியப்பன் அவளிடமும் தட்டை நீட்டினார்.

திருத்தக் குறிப்புக்கும் தனியே ஒரு மேற்கோள் எண் இருந்தது. காலையில் வகுப்புக்குப் போகுமுன் பார்ப்பாள். முடிந்து வந்ததும் பார்ப்பாள். பார்க்கக் கூடாது என்று எழுந்து சன்னல் வரை போய், திரும்பி வந்து பார்ப்பாள்.

பூஜ்யம்.

ஒன்றரை ஆண்டுகள், பூஜ்யம்.

ஒரு வியாழக்கிழமை, வகுப்பு முடிந்து வந்து பார்த்தபோது அது ஒன்று என்றிருந்தது.

பக்கத்தை மூடித் திறந்தாள். ஒன்றுதான்.

கட்டுரையைத் திறந்தாள். தலைப்பின் கீழ் ஒரே பெயர். பெர்சிஸ்.

அதே தேரிக்காட்டில் புதிதாக ஒரு குழி. கருவிகளோடு ஒட்டிக் கிடந்த கரி. புதிய தேதி, ஐயாயிரத்து இருநூறு. அடியில் ஒரு குறிப்பு. 'பழைய தேதியை இனிப் பயன்படுத்த வேண்டாம். தவறென்று அதை வெளியிட்டவரே அறிவித்திருக்கிறார்.'

பெர்சிஸின் தொலைபேசி எண்ணைத் தேடி எடுத்து அழுத்தினாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள்.

"மேடம்?"

வாழ்த்துச் சொல்லத்தான் கூப்பிட்டாள். மன்னிப்பும் கேட்க நினைத்திருந்தாள்.

"எந்த ஆழத்துல எடுத்தே?" என்றாள்.

எதிர்முனையில் தாள் புரளும் சத்தம்.

பிறகு பெர்சிஸ் சொல்லத் தொடங்கினாள்.